நான் சரிசெய்தோம்

என் தம்பி மனைவிக்கு நான் வைத்த பெயர் கேள்வி. அவள் முகத்துக்கு நேராகவே அப்படித்தான் கூப்பிடுவேன், அவளும் "என்ன அண்ணி?" என்று வந்து நிற்பாள். கல்யாணமாகி வந்த முதல் வாரமே, மாடிப்படியில் ஏன் ஒரு படி மட்டும் உயரமாக இருக்கிறது என்று கேட்டாள். பிறந்ததிலிருந்து அந்தப் படியில் தடுக்கிக்கொண்டே வளர்ந்த எங்களுக்கு அது தோன்றவே இல்லை. என் தம்பியை அவள் "ஏங்க" என்று கூப்பிடுவதில்கூட ஒரு ஏன் இருப்பதாகத்தான் எனக்குக் கேட்கும்.

அவர்கள் கீழ் வீட்டில், நான் மாடியில். பள்ளிப் பாடப் புத்தகங்கள் அச்சடிக்கிற ஒரு நிறுவனத்தில் எனக்கு மெய்ப்புப் பார்க்கிற வேலை. பிழையைக் கண்டால் எனக்குக் கை அரிக்கும். கடைப் பலகை, கல்யாணப் பத்திரிகை, மருந்துச் சீட்டு எதையும் விட்டதில்லை. மற்றவர்கள் இதைத் திமிர் என்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

கேள்விக்கு லிஃப்ட் பராமரிப்பு நிறுவனம் ஒன்றில் வேலை. நகரத்தில் எந்தக் கட்டடத்தில் லிஃப்ட் நின்றாலும் போன் அவள் மேசைக்குத்தான் வரும். எந்த மெக்கானிக் பக்கத்தில் இருக்கிறார் என்று பார்த்து அனுப்புவாள். அவர் போய்ச் சேரும்வரை உள்ளே மாட்டிக்கொண்டவரோடு பேசிக்கொண்டே இருப்பாள். "பயப்படாதீங்க சார், நாம வெளிய வந்துடலாம்" என்பாள். ஒருமுறை ஒரு பெரியவர், "நாமளா? நீயும் உள்ளதான் மாட்டியிருக்கியாம்மா?" என்று கேட்டாராம். "போன்ல உங்ககூடத்தானே சார் இருக்கேன்" என்றாளாம் இவள். அவர் சிரித்துவிட்டார், கதவும் திறந்துவிட்டது.

அந்த 'நாம' அவள் நாக்கில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கும் வந்துவிட்டது. எனக்குப் பல்வலி என்றால், "நாம பல்லைப் பிடுங்கிடலாம் அண்ணி" என்பாள். பல் என்னவோ என்னுடையது.

போன வருஷம் அவள் அலுவலகத்தில் சர்வீஸ் மேனேஜர் வேலை காலியானது. அத்தனை வருஷமாக அந்த மேசையில் இருந்தவள், விண்ணப்பித்தாள். அவளுக்குப் பின்னால் சேர்ந்த ஒருவரைப் போட்டார்கள். அது அவளுக்கு வருத்தம்தான், ஆனால் அதைவிடப் பெரிய குடைச்சல் வேறொன்று. ஏன் தனக்கு இல்லை என்று கேட்டதற்கு, "மேல முடிவு பண்ணிட்டாங்க" என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டார்கள். தான் பேசியது பிடிக்கவில்லையா, படிப்பு போதவில்லையா, பெண் என்பதாலா, எதுவும் தெரியாது. சாப்பிடும்போது திடீரென்று கையை நிறுத்தி, "என்னவா இருக்கும் அண்ணி?" என்பாள். மாதக்கணக்கில் இதே பாட்டு.

பிறகு ஒரு நாள் வேறு பாட்டு. வேலை பார்ப்பவர்களுக்கான பகுதி நேர எம்.பி.ஏ. ஒன்று இருக்கிறதாம். வாரக்கடைசியில் நேரில் வகுப்பு, மற்ற நாளில் வீட்டிலிருந்தே கணினியில். வேலை அதிகமான பருவத்தில் ஒரு பாடத்தைத் தள்ளிவைத்துக்கொள்ளலாம், முடிந்தபோது முடிக்கலாம்.

"உனக்கு எதுக்குடி இந்த வயசுல?" என்றேன்.

"முடிவு பண்றவங்க எதை வச்சு முடிவு பண்றாங்கன்னு எனக்குத் தெரியணும் அண்ணி. அந்த ரூமுக்குள்ள போகணும். உள்ளயே விடலேன்னா எப்படித் தெரியும்?"

எனக்கு நம்பிக்கை இல்லை. மேனேஜ்மெண்ட் படிப்பவர்கள் எல்லாம் பதில் சொல்லிப் பழகியவர்கள் என்பது என் எண்ணம். இவள் போய் அங்கே ஏன், எதற்கு என்று நின்றால் விரட்டிவிடுவார்கள்.

விண்ணப்பத்தோடு ஒரு கட்டுரை கேட்டிருந்தார்கள், வேலையில் சந்தித்த ஒரு சிக்கலைப் பற்றி. கேள்வி ஒரு கிளினிக் கட்டடத்து லிஃப்டைப் பற்றி எழுதினாள். அந்த லிஃப்ட் சாயங்காலம் ஆனால் நாலாவது மாடியில் கதவை மூடாது. மூடப் போகும், திறந்துகொள்ளும், மறுபடி மூடப் போகும், திறந்துகொள்ளும். கதவில் ஆள் நிற்கிறாரா என்று பார்க்கிற சென்சாரை மாற்றி மாற்றிப் போட்டும் பயன் இல்லை. கேள்வி பழைய புகார்களை எடுத்து வைத்துப் பார்த்ததில், மழை பெய்த நாளில் ஒரு புகார்கூட இல்லை. "அண்ணே, மழை நாள்ல மட்டும் ஏன் அது நல்லா ஓடுது?" என்று அவர்களுடைய பெரிய மெக்கானிக்கிடம் கேட்டாள். அவர் அந்த நேரத்துக்கே போய் நின்று பார்த்தார். மாடிப்படி ஜன்னல் வழியாக இறங்குவெயில் நேராகச் சென்சாரின் கண்ணில் விழுந்துகொண்டிருந்தது. யாரோ நிற்கிறார்கள் என்று நினைத்து அது கதவைத் திறந்துகொண்டே இருந்திருக்கிறது. ஜன்னலில் ஒரு கறுப்புத் தாள் ஒட்டியதும் சரியாகிவிட்டது.

கதை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் வரிக்கு வரி 'நாம்'. நாம் கேட்டோம், நாம் கண்டுபிடித்தோம், நாம் சரிசெய்தோம்.

"படிக்கிறவனையும் சேத்துக்கிட்டா லிஃப்ட் ரிப்பேர் பண்ணே?" என்று எரிந்துவிழுந்தேன். "நாங்கள்னு போடு. அதுவும் வேண்டாம், இங்க பாரு, 'உங்கள் தனிப்பட்ட பங்கை எழுதவும்'னு போட்டிருக்கான். நான்னு போடு."

"போட்டுடறேன் அண்ணி" என்றாள். எனக்கு அந்த வாரம் முழுக்கப் புதிய பாடப் புத்தக வேலை, தலைக்குமேல் இருந்தது. அவளுக்கும் அப்படியே.

கடைசி நாள் மாலை ஐந்து மணிக்குள் அனுப்ப வேண்டும். மதியம் ஒரு துணிக்கடையில் லிஃப்ட் நின்று, உள்ளே ஒரு குடும்பமே மாட்டிக்கொண்டு, கேள்வியால் போனை வைக்க முடியவில்லை. நடுவில் எப்படியோ என் தம்பிக்கு ஒரு செய்தி: "நாம்-ஐ எல்லாம் நான்-னு மாத்தி அனுப்பிடுங்க." என் தம்பி கணினியில் வேலை பார்க்கிறவன், கெட்டிக்காரன் என்று ஊரெல்லாம் பேச்சு. தேடு, மாற்று, எல்லாவற்றையும் மாற்று என்று ஒரு தட்டு. அனுப்பு என்று இன்னொரு தட்டு. வேலை முடிந்தது.

நான் வந்து சேர்ந்தபோது டீயோடு உட்கார்ந்திருந்தான். "ஒரே நிமிஷத்துல முடிச்சுட்டேன் அக்கா" என்று திரையைத் திருப்பிக் காட்டினான்.

நான் படித்தேன். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தேன். நான் புகார்களைச் சேர்த்துப் பார்த்தோம். நான் கேட்டோம். நான் கண்டுபிடித்தோம். நான் சரிசெய்தோம்.

"டேய்!" என்று நான் போட்ட சத்தத்தில் அவன் டீயைச் சிந்தினான். "எழுவாயை மாத்தினியே, வினைமுற்றை யாருடா மாத்துவா? உன் மாமனாரா?"

அவனுக்கு முதலில் புரியவே இல்லை. புரிந்தபோது முகம் சுருங்கிவிட்டது. அனுப்பியதைத் திரும்ப எடுக்க வழியில்லை. கேள்வி வந்தாள், படித்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தோம். அவளோ, "இதைப் படிக்கறவங்க என்ன நினைப்பாங்க அண்ணி? ஒரு ஆளுன்னு நினைப்பாங்களா, பல ஆளுன்னா?" என்றாள். அவளுக்கு அதுவும் ஒரு சுவாரசியம்! எனக்குத்தான் வயிற்றெரிச்சல். ஒரு வாரம் தம்பியோடு நான் முகம் கொடுத்துப் பேசவில்லை.

கூப்பிட மாட்டார்கள் என்றே நினைத்தேன். கூப்பிட்டார்கள். ஒரு சனிக்கிழமை காலை, கணினி வழியாக நேர்காணல். முன் அறையில் இஸ்திரி மேசையின் மேல் நாலு புத்தகம் அடுக்கி, அதன்மேல் கணினியை வைத்தோம். கேள்விக்குப் பின்னால் தெரியும் அலமாரியில் என் அகராதிகளைக் கொண்டுவந்து அடுக்கினேன், கொஞ்சம் மரியாதையாக இருக்கட்டுமே என்று. தம்பியைச் சமையலறைக்கு விரட்டினேன். நான் கேமராவில் விழாமல் எதிர்ப்பக்கம் ஒரு முக்காலியில். என்னையும் விரட்டப் பார்த்தாள், நான் நகரவில்லை.

திரையில் இரண்டு பேர். குரலில் அவசரமே இல்லாத ஒரு பேராசிரியை. பக்கத்தில் வாயைத் திறக்காத ஒரு மனிதர்.

"உங்க கட்டுரையை ரெண்டு பேருமே படிச்சோம்" என்றார் பேராசிரியை. "எங்களுக்கு ஒரே ஒரு சந்தேகம். 'நான் சரிசெய்தோம்'னு இருக்கு. இதுல எது சரி, நானா, தோமா?"

சமையலறையில் ஏதோ கீழே விழுந்தது.

"ரெண்டுமே தப்புங்க மேடம்" என்றாள் கேள்வி. "கண்டுபிடிச்சது எங்க பெரிய மெக்கானிக். ஜன்னல்ல தாள் ஒட்டினது அந்தக் கட்டடத்து வாட்ச்மேன்."

"அப்புறம் ஏன் இப்படி இருக்கு?"

கணவர் மாற்றினார் என்று சொல்லிவிடு என்று நான் கண்ணாலேயே ஜாடை காட்டினேன். அவன் செய்ததற்கு அவன் அனுபவிக்கட்டும். இவளுக்கு ஏன் தலைவிதி?

அவள் என்னைப் பார்க்கவே இல்லை. "முதல்ல நாம்னு எழுதியிருந்தேன். நான்னு மாத்தணும்னு கடைசி நாள் மாத்தினதுல பாதிதான் மாறுச்சு. கைவசம் ஒரு வாரம் இருந்தும் கடைசி நாள் வரைக்கும் தள்ளிப்போட்டேன். அனுப்பறதுக்கு முன்னாடி படிச்சுப் பாக்காம விட்டேன்."

தள்ளிப்போட்டேன். விட்டேன். கட்டுரை முழுக்க ஒட்டாமல் கிடந்த எழுவாயும் பயனிலையும், தப்பை ஏற்றுக்கொள்கிற இடத்தில்தான் ஒன்றாக வந்து உட்கார்ந்தன. சமையலறைக் கதவோரம் என் தம்பி தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

"சரி, நாம ஒவ்வொரு வரியா திருத்திடலாம்" என்றார் பேராசிரியை. 'நான் புகார்களைச் சேர்த்துப் பார்த்தோம்' என்று படித்தார்.

"அது நானும் பக்கத்து மேசைப் பொண்ணும். நாங்க பாத்தோம்."

"'நான் கண்டுபிடித்தோம்'?"

"மெக்கானிக் அண்ணன். கண்டுபிடிச்சாரு."

"'நான் கேட்டோம்'?"

கேள்வி கொஞ்சம் யோசித்தாள். "அது நான்தாங்க. கேட்டேன்."

அதுவரை பேசாதிருந்த மனிதர் இப்போது வாயைத் திறந்தார். "அவ்வளவுதானா?"

"அவ்வளவுதாங்க சார்."

ஒரு பக்கக் கட்டுரையில் ஒரே ஒரு வரியை வைத்துக்கொண்டு மீதியைத் தானம் பண்ணிவிட்டாளே! அதற்குப் பிறகு வேலை, வீடு, படிப்பு எல்லாவற்றையும் எப்படிச் சமாளிப்பாள் என்று கேட்டார்கள், ஏதோ சொன்னாள். என் காதில் ஏறவில்லை. கடைசியில் பேராசிரியை, "எங்ககிட்ட ஏதாவது கேக்கணுமா?" என்றார்.

யாரிடம் போய் என்ன கேட்கிறார்! நான் முக்காலியை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

"எனக்கு சீட் கிடைக்கலேன்னா, ஏன்னு சொல்லுவீங்களா மேடம்?"

"காரணம் சொல்றது வழக்கம் இல்லையே."

"ஏன் மேடம் வழக்கம் இல்ல?"

தம்பி தலையில் அடித்துக்கொண்டான். அந்தப் பேசாத மனிதர் சிரித்தே விட்டார். கேள்வி சிரிக்கவில்லை. "ஆபீஸ்ல எனக்கு மேனேஜர் வேலை கிடைக்கலைங்க. அவங்க தப்புப் பண்ணிட்டாங்கன்னு சொல்லல. ஏன்னு சொல்லியிருந்தா அதைச் சரிபண்ணிக்கிட்டு என் பாட்டுக்கு இருந்திருப்பேன். தெரியாததுதான் தாங்க முடியல" என்றாள். குரல் லேசாக உடைந்தது. பேராசிரியை எதையோ எழுதிக்கொண்டு, நன்றி சொல்லி முடித்தார்.

மூன்றாவது வாரம் பதில் வந்தது. வருந்துகிறோம், எதிர்கால முயற்சிகளுக்கு வாழ்த்துகள். நான் அந்தக் கல்லூரியை வாயில் வந்தபடி ஏசினேன். அவர்கள் அனுப்பிய நாலு வரியில் இருந்த இரண்டு சந்திப் பிழைகளையும் எடுத்துக் காட்டினேன். தம்பி அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் வெளியே போய்விட்டான். அவள் அழவில்லை. அந்த மின்னஞ்சலை மேலும் கீழும் நகர்த்திப் பார்த்துவிட்டு, "ஏன்னு போடலையே அண்ணி" என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் இருவரும் மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது அவளுக்கு ஒரு போன் வந்தது. "சொல்லுங்க மேடம்" என்றாள். அப்புறம் "ம்" என்றாள். வெகுநேரம் வெறும் "ம்". கையில் பிழிந்த துணி சொட்டிக்கொண்டே இருந்தது. போனை வைத்தவள் திரும்பினாள், கண்ணில் தண்ணீர், முகமெல்லாம் சிரிப்பு.

"என்னடி, குடுத்துட்டாங்களா?"

"இல்ல அண்ணி, இல்லதான். ஆனா ஏன்னு சொன்னாங்க!"

"அதுக்கா இந்தச் சிரிப்பு?" எனக்குக் கோபம்தான் வந்தது. "என்னவாம் துரைசாணிக்கு?"

"எழுத்துல தப்பு இருந்தது காரணமே இல்லையாம். நான் நல்லாக் கேக்கறேனாம். ஆனா பதில் வந்த பிறகு என்ன செய்யணும்னு முடிவு பண்ணது எல்லாம் வேற ஆளுங்களாம். கேட்டேன்னு ஒரு வரி இருக்கு, முடிவு பண்ணேன்னு ஒரு வரிகூட இல்லையாம். இந்தப் படிப்பே முடிவு எடுக்கறதைப் பத்தித்தானாம். ஒரு முடிவு எடுத்துட்டு வாங்கன்னாங்க." ஈரக்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஆபீஸ்லயும் இதேதான் காரணமா இருந்திருக்குமோ அண்ணி? சொல்லியிருக்கலாமே?"

அந்தப் பேராசிரியை சொன்னதில் ஒரு பிழை தேடிப் பார்த்தேன், அகப்படவில்லை.

அதற்குப் பிறகு வீட்டில் கொஞ்ச நாள் கூத்து. சோபா இந்தச் சுவரோரம்தான் என்று முடிவெடுத்தாள், மறுநாள் அந்தச் சுவரோரம் என்று முடிவெடுத்தாள். தம்பி தூக்கித் தூக்கி இடுப்பைப் பிடித்துக்கொண்டான். அவனுக்கு வேண்டியதுதான். அலுவலகத்தில் ஒன்றும் நடந்ததாகத் தெரியவில்லை. நானும் மெல்ல மறந்துவிட்டேன்.

மழைக்காலம் முடிகிற சமயம். ஒரு நாள் வேலையிலிருந்து வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் படியேறி என் வீட்டுக்கு வந்தாள். முகம் வெளிறி இருந்தது.

"அண்ணி, இன்னிக்கு ஒரு லிஃப்டை நிறுத்திட்டேன்."

"நின்ன லிஃப்டை ஓட வைக்கறதுதானே உன் வேலை?"

"ஓடிக்கிட்டிருந்ததை நிறுத்திட்டேன்."

உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தேன். ஒரு பெரிய அலுவலகக் கட்டடம். வழக்கமான சோதனைக்குப் போன பெரிய மெக்கானிக் அங்கிருந்து போன் செய்திருக்கிறார். "பிரேக் சத்தம் சரியில்லம்மா. ஓடும். ஆனா எனக்கு மனசு ஒப்பல" என்றாராம். ஓடுகிற லிஃப்டை நிறுத்தச் சொல்வது மேனேஜர் செய்ய வேண்டியது. அவர் ஏதோ கூட்டத்தில், போனை எடுக்கவில்லை. கட்டடத்துக்காரர், அன்றைக்குப் பெரிய மனிதர்கள் வருகிறார்கள், நிறுத்தக் கூடாது என்று ஒரே கத்தல். "என்னம்மா பண்றது?" என்று மெக்கானிக் கேட்டிருக்கிறார்.

"எந்த நேரத்துல சத்தம், எந்த மாடியில சத்தம்னு எல்லாம் கேட்டேன் அண்ணி. அதுக்கு மேல கேக்க ஒண்ணுமே இல்ல. போன்ல அவரு காத்துக்கிட்டே இருந்தாரு. நிறுத்துங்க, நான் சொன்னேன்னு எழுதிடுங்கன்னு சொல்லிட்டேன்."

"சரியாப் போச்சா?"

"கழட்டிப் பாத்தா தேஞ்சிருக்கு. ஆனா இன்னும் ஒரு மாசம் ஓடியிருந்தாலும் ஓடியிருக்குமாம். மெக்கானிக் அண்ணனாலயே உறுதியாச் சொல்ல முடியல."

"மேனேஜர்?"

அவள் தம்ளரைக் கீழே வைத்தாள். "கூப்பிட்டு விட்டாரு. கூட ரெண்டு பெரிய ஆளுங்க உட்காந்திருந்தாங்க. ஏன் நிறுத்துனேன்னு கேட்டாங்க அண்ணி, என்னைப் பாத்து. எல்லாரும் நான் சொல்றதுக்காகக் காத்துக்கிட்டிருந்தாங்க."

"நீ என்ன சொன்னே?"

"காரணத்தைச் சொன்னேன். முழுசாச் சொன்னேன். அவங்க கேட்டுக்கிட்டாங்க. திட்டு விழுந்துது, அடுத்த தடவை யாரையாவது கூட்டத்துலேருந்து எழுப்பியாவது கேக்கணும்னு. ஆனா நிறுத்துனது தப்புன்னு ஒருத்தரும் சொல்லல."

என் தோளில் சாய்ந்துகொண்டு அழுதாள். நான் அதிகம் கட்டிப்பிடிக்கிற ஆள் இல்லை, இருந்தாலும் பிடித்துக்கொண்டேன். கீழே தம்பி வந்து அவளைத் தேடும் சத்தம் கேட்டது.

அவள் எழுந்து முகம் கழுவிக்கொண்டு வருவதற்குள் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"அந்தக் காலேஜ்ல அடுத்த தடவை எப்போ எடுக்கறாங்க?" என்று நான் கேட்டேன். "போன்ல அந்த மேடம் தேதி ஏதாவது சொன்னாங்களா? நீ ஏன் இன்னும் விசாரிச்சுப் பாக்கல?"